மாத்திரையை மாற்றிக்கொள்ளாதே

வேலூர், சத்துவாச்சாரி

அன்புள்ள ராஜவேலு,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதில் சந்தோஷம். மற்ற இரண்டரைப் பக்கமும் பிரஷர் மாத்திரைப் புலம்பல். சரி, இந்த வயதில் நாம் வேறு எதை எழுதப் போகிறோம்!

அம்லோடிபின் ஆரம்பித்ததும் பிரஷர் இறங்கிவிட்டது, ஆனால் நாடி 70-லிருந்து 90-க்கு ஏறிவிட்டது, அதனால் நான் போடும் அட்டெனலாலையே நீயும் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாமப்பா.

கழுத்துத் தமனியின் சுவரிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. உன் மாத்திரை இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. அழுத்தம் இறங்கியதும் அந்த நுனிகள் மூளைக்குச் சேதி சொல்லிவிடும். நீ மாத்திரை போட்டது மூளைக்கு எங்கே தெரியும்? எங்கோ இரத்தம் ஒழுகிப் போனதுபோல் பதறி இதயத்தை முடுக்கிவிடுகிறது. அம்லோடிபின் மெதுவாக வேலை செய்வதால் பலருக்கு இது தெரிவதே இல்லை. உடம்பும் போகப் போகப் பழகிக்கொள்ளும். எதற்கும் தினமும் நாடியை எண்ணி எழுதிவைத்து உன் டாக்டரிடம் காட்டு.

என் மாத்திரை வேறு ரகம். அட்ரினலின் வந்து இதயத்தைத் தட்டும் கதவையே அது அடைத்துவிடுகிறது. இதே வகை மருந்தான புரோப்ரனலாலை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். என் நாடி இப்போது 56.

போன கார்த்திகை ஞாயிறன்று சோளிங்கர் மலைக்கோயிலுக்குப் போனேன். ரோப் கார் இருக்க, வீம்புக்கு 1305 படியும் ஏறினேன். பாதி தூரத்திலேயே கால் கல்லாகக் கனத்தது, மூச்சு வாங்கியது. நாடியைப் பிடித்துப் பார்த்தால் அது மட்டும் அவசரமே இல்லாமல் அடிக்கிறது. காலுக்கு வேண்டிய இரத்தத்தை ஓடிக் கொடுக்க இதயத்துக்கு அனுமதியில்லை. நடுவில் ஒரு குரங்கு பையைப் பிடுங்கியது. பயந்துதான் போனேன், ஆனால் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. பயம் தலையில் இருக்கிறது, மார்பில் இல்லை! விசித்திரமாக இருந்தது.

இதையும் கேள். ஆரணியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மாத்திரையை மறந்து மூன்று நாள் போடாமல் இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் சும்மா படுத்திருக்கும்போதே இதயம் குதிரையாக ஓடியது. அடைத்தே இருந்த காலத்தில் உடம்பு கதவுகளைப் பெருக்கி வைத்துக்கொள்ளுமாம். திடீரென நிறுத்தினால் அத்தனையும் ஒன்றாகத் திறக்கும். டாக்டரிடம் நல்ல வசவு வாங்கினேன்.

அப்புறம், உனக்குச் சர்க்கரைக்கு ஊசி வேறு. சர்க்கரை திடீரென இறங்கும்போது வரும் படபடப்பும் நடுக்கமும்தான் உனக்கு எச்சரிக்கை மணி. என் மாத்திரை அதை அமுக்கிவிடும், வியர்வை மட்டும்தான் மிஞ்சும். உனக்கு எது ஒத்துவரும் என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார். உன் அப்பா பிரஷருக்குச் சர்ப்பகந்தி என்ற மூலிகை மாத்திரை போட்டுக்கொண்டு எந்நேரமும் மூக்கடைப்போடு மந்தமாக உட்கார்ந்திருப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? அதுவும் நரம்பில் கைவைக்கும் மருந்துதான்.

பொங்கலுக்கு வரும்போது மருந்துச் சீட்டை எடுத்து வா. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கிவைக்கச் சொல்லியிருக்கிறேன். குழம்பில் உப்பு குறைவாகத்தான் இருக்கும், முகம் சுளிக்காதே.

உன்,
சண்முகம்