ஞாயிற்றுக்கிழமையைக் காலியாக விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கும் மாணவர் பரிமாற்றம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விண்ணப்பம், விசா, காப்பீடு, பள்ளிச் சேர்க்கை எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லியிருந்தார் கட்டுரையாளர். வார இறுதியை மட்டும், சனி ஞாயிறுகளை வீணாக்காமல் சுற்றிப் பார்க்கத் திட்டமிடுங்கள் என்ற ஒரே வரியில் முடித்துவிட்டார். மகளைப் பத்து மாதம் அப்படி அனுப்பிவிட்டுக் காத்திருந்தவள் நான். அந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை.

பள்ளி நாட்கள் கடினம்தான், மறுக்கவில்லை. முதல் இரண்டு மாதம் வரலாற்று வகுப்பில் மற்றவர்கள் சிரித்தால் சிரித்தேன், பக்கம் திருப்பினால் திருப்பினேன் என்றாள் மகள். ஆனாலும் பள்ளியில் மணி அடிக்கும். எந்த அறை, எந்தப் பாடம் என்று அட்டவணை சொல்லிவிடும். சனிக்கிழமை காலை அடுத்தவர் வீட்டு மாடியறையில் இருக்கிறோம், கீழே எல்லோரும் ஏதோ வேலையாக இருக்கிறார்கள். இறங்கிப் போவதா, அறையிலேயே கிடப்பதா? அதைச் சொல்ல எந்த அட்டவணையும் கிடையாது.

'பண்பாட்டு அதிர்ச்சி' என்ற சொல்லைப் பரவலாக்கிய மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க், 1960இல் வெளியான தன் கட்டுரையில் இந்தப் பதற்றத்துக்குக் காரணம் சொல்கிறார். எப்போது கை குலுக்குவது, எந்த அழைப்பை ஏற்பது, எதை மறுப்பது, ஒருவர் சொல்வதை எப்போது மெய்யென்று எடுத்துக்கொள்வது என்று நமக்கு யோசிக்காமலே தெரிந்திருந்த சின்னச் சின்ன அடையாளங்கள் அங்கே பயன்படாமல் போய்விடுகின்றன என்கிறார். என் மகளுக்கும் அதேதான் நடந்தது. வகுப்புத் தோழி ஒருத்தி "ஒரு நாள் வீட்டுக்கு வாயேன்" என்றிருக்கிறாள். நாள் குறித்துக் கூப்பிடுவாள் என்று இவள் மூன்று சனிக்கிழமை காத்திருந்தாள். இவளே கேட்டு வருவாள் என்று அவள் சும்மா இருந்துவிட்டாள். கடைசியில் தங்கியிருந்த வீட்டு அம்மாதான், இந்தச் சனிக்கிழமை வரட்டுமா என்று நீயே கேட்டுப் பார் என்று சொல்லிக்கொடுத்தார்.

சுற்றிப் பார்க்கப் போனால் யாரோடும் பெரிதாகப் பேச வேண்டியதில்லை, படம் எடுத்தால் போதும். வேலையற்ற ஞாயிறு அப்படி விடாது. துவைத்த துணியை மடிக்க வேண்டும், சைக்கிளைக் கழுவ வேண்டும், வீட்டுப் பையனின் கால்பந்து ஆட்டத்தில் குளிரில் நின்று கத்த வேண்டும். ஏழு வயதான அந்தப் பையன்தான் அவளுக்கு மொழி சொல்லிக்கொடுத்தவன். பெரியவர்கள் மரியாதைக்காகத் தப்பைக் கேட்காததுபோல் தாண்டிப் போய்விடுவார்கள். அவன் ஒன்றையும் விடமாட்டான். விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் திருத்துவான்.

ஆனால் வீட்டில் ஒருத்தி என்ற பெயரில் வாராவாரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தலையில் கட்டினால் அது வேறு கதை. உடனே பரிமாற்றத்தை நடத்தும் அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒரு தகவல் பிழையும் இருக்கிறது. பரிமாற்றம் என்பதே 1987இல் ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டத்தோடு பிறந்ததுபோல் கட்டுரை தொடங்குகிறது. 11 நாடுகளிலிருந்து 3,244 பேரோடு தொடங்கிய அந்தத் திட்டம் கல்லூரி மாணவர்களுக்கானது. பள்ளிப் பிள்ளைகளின் கதை அதைவிட மூத்தது. இரண்டு உலகப் போர்களிலும் ஆம்புலன்ஸ் ஓட்டிய தன்னார்வலர்களின் அமைப்பான ஏ.எஃப்.எஸ்., 1947இலேயே 10 நாடுகளிலிருந்து 52 மாணவர்களை அமெரிக்காவுக்கு வரவழைத்துவிட்டது. ரோட்டரி சங்கத்தின் நீண்ட காலப் பரிமாற்றத்தில் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் மாறித் தங்குகிறார்கள். ஒரு வீட்டில் ஞாயிறு என்றால் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி, அடுத்த வீட்டில் சொந்தபந்தம் எல்லாம் கூடிவிடும். இரண்டையும் பார்த்த பிள்ளை, இந்த நாட்டுக்காரர்கள் இப்படித்தான் என்று அவசரப்பட்டுச் சொல்லாது.

சரி, என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் அவளை வீடியோ அழைப்பில் பிடித்துவைத்துக்கொண்டவள் நான்தான். நீங்கள் கூப்பிடுகிற நேரத்தில்தான் அந்த வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருங்கிணைப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். என் பிள்ளையோடு பேச இன்னொருவரைக் கேட்க வேண்டுமா என்று கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்து, வாரநாள் மாலையில் இருபது நிமிடம் என்று மாற்றிக்கொண்டேன்.

ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிறு, மனசு கேட்காமல் கூப்பிட்டுவிட்டேன். "அம்மா, அப்புறம் பேசறேன், பாட்டி வீட்டுப் பரணைக் காலி பண்ணிட்டிருக்கோம்" என்று வைத்துவிட்டாள். எந்தப் பாட்டி என்று கேட்பதற்குள் இணைப்புப் போய்விட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகி