தண்ணீர்ப் பீப்பாயைத் தேடிப் போன பட்டாளத்து டாக்டர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. மருமகன் கானாவுக்கு வேலைக்குப் போகிறார் என்பதில் ரொம்ப சந்தோஷம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் அவர் போட்டுக்கொள்ளப் போகும் ஊசியை வீட்டில் எல்லோரும் "மஞ்சள் காமாலை ஊசி" என்கிறார்களாம். காமாலை வேறு, மஞ்சள் காய்ச்சல் வேறு. இது நம் ஊரில் டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசு கொண்டுவரும் வைரஸ் காய்ச்சல். ஈரலைத் தாக்கிக் கண்ணை மஞ்சளாக்குவதால் அந்தப் பெயர். இதை ஒரு நகரத்தையே விட்டு விரட்டிய ராணுவ டாக்டரைப் பற்றிக் கேட்டிருந்தாய். கொசு ஒழிப்பு வேலை பார்த்த யாரும் மறக்கக் கூடாத மனிதர் அவர்.

வில்லியம் கிராஃபர்ட் கோர்கஸ். 1854ல் அமெரிக்காவின் அலபாமாவில் பிறந்தார். பட்டாளத்தில் சேரத்தான் ஆசை. வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. டாக்டருக்குப் படித்து, அந்த வழியாக 1880ல் ராணுவத்துக்குள் வந்துவிட்டார். டெக்சாஸில் இருந்தபோது மஞ்சள் காய்ச்சல் கண்டு பிழைத்தார். ஒருமுறை வந்து போனவரை அது மறுபடி தொடாது.

1898ல் அமெரிக்கா ஸ்பெயினோடு நடத்திய போருக்குப் பிறகு, அமெரிக்கா வசம் வந்த கியூபாவின் ஹவானா நகரத்துக்கு அவரைத் தலைமைச் சுகாதார அதிகாரியாகப் போட்டார்கள். அழுக்கிலிருந்துதான் காய்ச்சல் பிறக்கிறது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. அவரும் அப்படித்தான் நம்பினார். தெருத் தெருவாகக் குப்பையை அள்ளி ஊரைத் துடைத்து வைத்தார். மற்ற நோய்களால் சாவு குறைந்தது. மஞ்சள் காய்ச்சல் மட்டும் ஏறியது. 1900ல் 310 பேர் செத்தார்கள். ஸ்பெயினிலிருந்து புதிதாக வந்து இறங்கியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது. கொசுவோ சாக்கடையில் இல்லை. சுத்தமான வீட்டுக்குள், குடிதண்ணீர்ப் பீப்பாயில் முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

கொசுதான் பரப்புகிறது என்று ஹவானா டாக்டர் கார்லோஸ் ஃபின்லே 1881லேயே சொல்லிவிட்டார். இருபது வருஷம் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோர்கஸுக்கும் சந்தேகம்தான். 1900ல் அமெரிக்க ராணுவ டாக்டர் வால்டர் ரீட்டின் குழு சோதனை செய்து நிரூபித்ததும் மனுஷர் இரண்டு வருஷத்து உழைப்பைக் கட்டிக்கொண்டு அழவில்லை. துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தேடிப் போனார். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

முறையைச் சொல்கிறேன், உனக்கு உடனே புரியும். காய்ச்சல்காரரைக் கடிக்கிற கொசு, காய்ச்சல் கண்ட முதல் மூன்று நாளில் கடித்தால்தான் கிருமியை ஏற்றிக்கொள்ளும். பிறகு ஏறத்தாழ பன்னிரண்டு நாள் கழித்துத்தான் அடுத்தவருக்குக் கொடுக்கும். அந்த இடைவெளிதான் அதிகாரியின் கையில் இருக்கும் நேரம். நோயாளியைக் கம்பிவலை அடித்த அறையில் படுக்கவைப்பார்கள். அந்த வீட்டிலும் அக்கம்பக்கத்து வீடுகளிலும் சாவித் துவாரம், கதவிடுக்கு விடாமல் காகிதம் ஒட்டி அடைத்துப் புகை போடுவார்கள். கந்தகப் புகை கொசுவைக் கொல்லும், ஆனால் பாத்திரம் கறுக்கும், துணி கெடும்; வீட்டுக்காரர் கதவைத் திறக்கவே மாட்டார். அதனால் நல்ல சாமான் இருக்கும் வீட்டில் பைரித்ரம் பொடி, அதாவது சாமந்தி இனப் பூவின் தூள். அதில் கொசு மயங்கித்தான் விழும். உடனே கூட்டி அள்ளி எரிக்காவிட்டால் எழுந்து பறந்துவிடும்.

புகை பாதி வேலைதான். மீதிப் பாதி வீடு வீடாகப் போய் ஒவ்வொரு பீப்பாயையும் எட்டிப் பார்ப்பது. பீப்பாய்க்கு மூடி போடச் சொன்னார், அடியில் குழாய் வைக்கச் சொன்னார். புழு இருந்தால் அபராதம். 1901ல் சாவு 18 ஆனது. 1902ல் ஒன்றுகூட இல்லை.

1904ல் பனாமா கால்வாய் வேலைக்குப் போனார். முன்பு அங்கே தோண்டிய பிரெஞ்சுக்காரர்களின் ஆஸ்பத்திரியில், எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்திருந்தார்கள். நம் வீட்டு அலமாரிக் காலுக்கு வைப்போமே, அதேதான். அந்தக் கிண்ணத்தில் கொசு வளர்ந்து, பக்கத்துக் கட்டிலுக்குக் காய்ச்சலைக் கொண்டுபோனது. ஜன்னலில் வலையும் இல்லை. இவ்வளவு தெரிந்த பிறகும் கால்வாய் ஆணையத்து மேலதிகாரிகள் கொசுக் கதையை நம்பாமல், கோர்கஸ் கேட்ட வலையையும் மருந்தையும் வெட்டிக் குறைத்தார்கள். 1905ல் காய்ச்சல் கிளம்பியதும் அமெரிக்க ஊழியர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். புதிதாக வந்த தலைமைப் பொறியாளர் ஜான் ஸ்டீவன்ஸ் கேட்டதையெல்லாம் கொடுத்தார். அந்த வருஷம் ஜூலையில் பனாமா நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. என் கணிப்பில், கந்தகத்தை விடப் பெரிய மருந்து அந்தக் குழாய்தான். தண்ணீர் தினமும் வந்தால் யார் பீப்பாயில் பிடித்து வைக்கப் போகிறார்கள்? நவம்பரில் அந்த நகரத்தின் கடைசி மஞ்சள் காய்ச்சல் கேஸ்.

மலேரியா அப்படி மசியவில்லை. அதைப் பரப்பும் அனாஃபிலிஸ் வீட்டுப் பாத்திரத்துக் கொசு அல்ல, வெளியே குட்டையிலும் ஓடையோரத்திலும் வளர்வது. ஊரிலிருந்து 200 கெஜம், தனி வீட்டிலிருந்து 100 கெஜம் வரை தேங்கிய நீரை வடித்தார்கள்; புல்லை ஓர் அடிக்கு மேல் வளர விடவில்லை. வடிக்க முடியாத இடத்தில் எண்ணெய். எண்ணெயும் பலிக்காத இடத்தில் கார்பாலிக் அமிலம், ரெசின், காஸ்டிக் சோடா சேர்ந்த கலவை. கால்வாய் நெடுக 21 மருந்தகங்களில் மலேரியா மருந்தான கொய்னா இலவசம். 1906ல் 26,000 ஊழியர்களில் 21,000க்கு மேற்பட்டோர் மலேரியாவால் ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள். 1912ல் 50,000 பேரில் சுமார் 5,600. ஒழியவில்லை, அடங்கியது.

ஒன்றை மறைக்கக் கூடாது. கம்பிவலை போட்ட நல்ல வீடு பெரும்பாலும் வெள்ளைக்கார ஊழியருக்குத்தான். பார்படோஸ் போன்ற தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளிகள் நெரிசலான கொட்டகையில் படுத்து, நிமோனியாவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அவர்களைக் கொட்டகையிலிருந்து பிரித்துத் தனிக் குடிசைகளில் வைக்க வேண்டும் என்று கோர்கஸ் வாதாடினார். ஆனால் கால்வாயை வெட்டிய அந்தக் கைகளின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. அது என் மனசை அறுக்கிறது.

1914ல் ராணுவ மருத்துவத் துறைக்கே தலைவரானார். முதல் உலகப் போரைப் பார்த்துவிட்டு 1918ல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பேச்சுக்குத்தான். மஞ்சள் காய்ச்சலை உலகத்தை விட்டே ஒழித்துவிடலாம் என்று நம்பி, ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்காகக் கிளம்பிவிட்டார். காட்டுக் குரங்குகளிடமும் இந்தக் கிருமி தங்கியிருக்கிறது என்பது அவர் காலத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் லண்டனில் பக்கவாதம் வந்து விழுந்தார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஆஸ்பத்திரிக்கே வந்து 'சர்' பட்டம் கொடுத்தார். 1920 ஜூலை 3 அன்று இறந்தார். செயின்ட் பால் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு, அமெரிக்காவின் ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் அடக்கம்.

அவர் போய்ச் சேராத அந்தப் பக்கத்துக்குத்தான் உன் மருமகன் போகிறார். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும்; டிக்கெட் தேதியை அதற்கேற்பப் பார்க்கச் சொல். அந்தச் சான்றிதழான மஞ்சள் அட்டையை பாஸ்போர்ட்டோடேயே வைத்திருக்கட்டும். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள். இல்லாவிட்டால் தனியே நிறுத்தி வைத்துவிடுவார்கள். உன் வீட்டு மாடித் தொட்டி மூடியில் விரிசல் என்று எழுதியிருந்தாயே, மாற்றியாகிவிட்டதா? அதுவரைக்கும் ஒரு வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டி வை.

அன்புடன்,
உன் பழைய நண்பன்