மலைக்கு அப்பால் மளிகைக் கடை

புளூஃபீல்டு, மேற்கு வர்ஜீனியா

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் வளைகாப்பு நல்லபடியாக நடந்தேறியதையும், உன் மூட்டுவலி சற்றுத் தணிந்திருப்பதையும் படித்து மனம் நிறைந்தது. கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்த கேள்விதான் என்னை நிறைய யோசிக்க வைத்தது. உணவு வாங்க அரசாங்கமே பணம் கொடுக்கிற நாட்டில், என்னிடம் வரும் சர்க்கரை நோயாளிகள் ஏன் காய்கறி சாப்பிடுவதில்லை என்று கேட்டிருந்தாய். இங்கே உணவியல் ஆலோசகராக இருந்துகொண்டு நான் நாள்தோறும் எதிர்கொள்ளும் விஷயம் அது என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களுக்கு மேற்கே அடுத்து இருப்பது மெக்டவல் கவுன்ட்டி. கவுன்ட்டி என்பதை நம் மாவட்டம் போல நினைத்துக்கொள், ஆனால் மக்கள்தொகை மிகக் குறைவு. நிலக்கரி கொழித்த காலத்தில், 1950ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில், அங்கே 98,887 பேர் இருந்தார்கள்; 2020இல் 19,111 பேர்தான். சுரங்கங்களில் இயந்திரங்கள் வந்தன, எஃகு நிறுவனங்கள் வெளியேறின, பிள்ளைகள் வேலை தேடிப் போனார்கள், ஆட்கள் குறையக் குறையக் கடைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எஞ்சியவர்கள் மலையிடுக்குகளில், ஓடைக்கரையை ஒட்டிய சின்னச் சின்ன ஊர்களில் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் முதியவர்கள். சுரங்க வேலையால் நுரையீரல் கெட்டவர்களும் அவர்களில் பலர்.

இந்த நாட்டின் உணவு உதவித் திட்டம் இன்றைய வடிவத்தில் தொடங்கிய இடமே இந்தக் கவுன்ட்டிதான். 1960இல் தேர்தல் பிரசாரத்துக்காக மேற்கு வர்ஜீனியா முழுவதும் சுற்றிய கென்னடி, அதிபரான பிறகும் இங்கே கண்ட வறுமையை மறக்கவில்லை. பதவியேற்ற மறுநாள் அவர் பிறப்பித்த முதல் நிர்வாக ஆணையே ஏழைகளுக்கு வழங்கும் உணவைக் கூட்டுவது பற்றியதுதான். 1939 முதல் 1943 வரை நடந்து நின்றுபோயிருந்த உணவு முத்திரைத் திட்டம் (முத்திரை என்பது கடையில் பணத்துக்குப் பதிலாகக் கொடுத்து உணவு வாங்கும் சீட்டு) சோதனையாக மீண்டும் தொடங்கியபோது, 1961 மே 29 அன்று, மெக்டவலின் தலைநகரான வெல்ச்சில், வேலையிழந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் பதினைந்து பேர் கொண்ட குடும்பம் 95 டாலர் மதிப்புள்ள முத்திரைகளை முதன்முதலாகப் பெற்றது. அந்த முத்திரைகளை எடுத்துக்கொண்டு அதே ஊரில் இருந்த ஒரு மளிகைக் கடைக்குப் போய் அவர்கள் சாமான் வாங்கினார்கள் என்பதை நீ கவனிக்க வேண்டும். 1964இல் சட்டமான அந்தத் திட்டம், இன்று முத்திரைக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் அட்டையாக, ஸ்நாப் என்ற பெயரில் நாடெங்கும் இருக்கிறது. வாங்கும் சக்தியைக் கொடுத்தால் போதும், விற்பவன் தானாக வந்துவிடுவான் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்ட திட்டம் அது. மெக்டவலில் அந்த நம்பிக்கைதான் பொய்த்துப் போனது.

கிம்பல் என்ற சிற்றூரில் வால்மார்ட் ஒரு பெரிய கடையை நடத்தி வந்தது. சாமான் மட்டுமல்ல, வேலையும் அங்கேதான் கிடைத்தது. கவுன்ட்டியில் அதிகம் பேருக்கு வேலை தந்த இடங்களில் அதுவும் ஒன்று. 2016 ஜனவரியில் அந்த நிறுவனம் உலகெங்கும் 269 கடைகளை மூடுவதாக அறிவித்தது. அவற்றில் 154 அமெரிக்காவில் இருந்தவை. கிம்பல் கடையும் அந்தப் பட்டியலில் இருந்தது, அறிவிப்பு வந்த அதே மாதத்திலேயே மூடப்பட்டது. பக்கத்தில் இயங்கும் ‘ஐந்து அப்பங்களும் இரண்டு மீன்களும்’ என்ற உணவு வங்கி, அதாவது ஏழைகளுக்கு இலவசமாக உணவு கொடுக்கும் அமைப்பு, விற்காமல் மீந்த உணவை அந்தக் கடையிலிருந்துதான் பெற்று வந்தது. எனவே கடையும் போய், கடை இல்லாதவர்களுக்கான உதவியும் ஒரே நாளில் சுருங்கிற்று. ஒரு கவுன்ட்டியின் சோற்றுத் தட்டு, அதைப் பார்த்தே இராத யாரோ ஒருவரின் லாப நஷ்டக் கணக்கில் ஒரு வரியாக இருக்கலாகாது என்று அன்றிலிருந்து இன்றுவரை நான் சொல்லி வருகிறேன்.

கடையே இல்லை என்று நினைத்துவிடாதே. வெல்ச் போன்ற ஊர்களில் மளிகைக் கடை இருக்கிறது. மற்ற இடங்களில் பெட்ரோல் பங்கை ஒட்டிய கடைகளும், மலிவு விலைச் சாமான்கள் விற்கும் டாலர் கடைகளும் உண்டு. ஒரு டாலர் கடைக்குள் உன்னைக் கூட்டிப்போனால் அலமாரிகள் நிரம்பியிருப்பதைப் பார்த்து, இங்கே என்ன குறை என்றுதான் கேட்பாய். டப்பாவில் அடைத்த பீன்ஸ், டப்பா சூப், பாக்கெட் நூடுல்ஸ், வெள்ளை ரொட்டி, குளிர்பானம், சிப்ஸ், குளிர்பெட்டியில் பாலும் முட்டையும் உறைந்த பீட்சாவும் இருக்கும். பல கடைகளில் ஒரு வெங்காயமோ ஒரு கட்டுக் கீரையோ இருக்காது. அண்மைக் காலத்தில் சில கிளைகளில் பழங்களும் காய்களும் வைக்கத் தொடங்கியிருப்பது நல்ல மாற்றம். ஆனாலும் என்னிடம் வரும் ஒரு மூதாட்டிக்கு நான் எழுதிக்கொடுக்கும் உணவுப் பட்டியலில், அவர் வீட்டுக்கு அருகில் கிடைப்பது டப்பா பீன்ஸ் மட்டுமே. அதில் உப்பு மிகுதி. அவருக்கோ ரத்த அழுத்தமும் இருக்கிறது. டப்பாவைத் திறந்து நீரை வடித்துவிட்டு, குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசி எடுத்தால் உப்பு ஓரளவு குறையும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அவரிடம் கார் இல்லை. பெரிய கடைக்குப் போக அண்டை வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும், பெட்ரோலுக்குப் பணம் தர வேண்டும். உணவு அட்டையைக் கொண்டு பெட்ரோல் போட முடியாது. இந்த மாநிலத்தில் ஸ்நாப் தொகை, குடும்பப் பெயரின் எழுத்து வரிசைப்படி, மாதத்தின் முதல் ஒன்பது நாட்களுக்குள் அட்டையில் ஏறிவிடும். ஆகவே அந்த நாட்களில் ஒருநாள், வளைந்து வளைந்து போகும் மலைச்சாலையில் ஒரு மணி நேரம் பயணம் செய்து, மாதம் முழுவதற்குமான சாமானை ஒரே தடவையில் வாங்கி வருகிறார். மாதத்துக்கு ஒருமுறை வாங்குகிறவர் எதை வாங்குவார் என்று நீயே சொல். கீரை மூன்று நாள் தாங்காது, தக்காளி ஒரு வாரம் தாங்கும். டப்பாவும் உறைந்ததும் மாவும் சர்க்கரையும்தான் மாதக் கடைசி வரை கெடாமல் இருக்கும். அதனால்தான், ‘இவர்களுக்குச் சாப்பிடத் தெரியவில்லை’ என்று எங்கள் அலுவலகத்தில் யாராவது சொன்னால் நான் பேசாமல் இருப்பதில்லை.

அரசின் கணக்கிலும் ஒரு குறை இருக்கிறது. வருமானம் குறைந்த ஒரு பகுதியில், குறைந்தது 500 பேரோ மூன்றில் ஒரு பங்கினரோ, நகரமானால் ஒரு மைலுக்கும் கிராமமானால் பத்து மைலுக்கும் அப்பால் பேரங்காடியை வைத்துக்கொண்டு வாழ்ந்தால் அது உணவுப் பாலைவனம் என்பது வேளாண் துறை வைத்திருக்கும் அளவுகோல். அந்த மைல் வரைபடத்தில் நேர்கோட்டில் அளக்கப்படுவது. சமவெளிக்கு அது சரிப்படலாம். இந்த மலைகளில் நேர்கோட்டில் எட்டு மைல் என்றால், சாலை வழியே அதைவிட எவ்வளவோ அதிகமாக இருக்கும். இப்படித்தான் பல ஊர்கள் அந்தக் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகின்றன.

நீ படித்திருக்கக்கூடிய ஒரு மறுப்பையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் பொருளாதார அறிஞர்கள் சிலர் வெளியிட்ட பெரிய ஆய்வு, ஏழைகளின் பகுதியில் புதிய பேரங்காடி வந்தாலும் அவர்கள் வாங்கும் உணவு அதிகம் மாறுவதில்லை என்றும், பணக்காரர்களுக்கும் ஏழைகளுக்கும் இடையே உள்ள சத்து வேறுபாட்டில் சுமார் பத்து சதவீதத்துக்குத்தான் கடையும் விலையும் காரணம் என்றும் கண்டது. அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். நாற்பது ஆண்டுப் பழக்கம் ஒரு கடை திறந்தவுடன் மாறாது என்பதை என் நோயாளிகளிடமே பார்க்கிறேன். ஆனால் அந்த ஆய்வு சொல்லும் சராசரி அமெரிக்கர், வீட்டருகே கடை இல்லாவிட்டாலும் காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறவர். என் மூதாட்டி அந்தச் சராசரிக்குள் அடங்கமாட்டார். பழக்கம் மாறுமோ மாறாதோ, கெஞ்சாமல் போய் உணவு வாங்கிவர ஓர் இடம் மனிதருக்கு வேண்டும். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் எத்தனை பேர் திருந்தினார்கள் என்று பார்த்தா திறக்கப்படுகின்றன?

ஏன் யாரும் கடை திறப்பதில்லை என்று கேட்பாய். மளிகையில் லாபம் எங்குமே சொற்பம்தான். சின்னக் கடைக்காரர் குறைவாக வாங்குவதால் மொத்த வியாபாரி கூடுதல் விலை சொல்கிறார், அல்லது இந்த மலைக்கு லாரி அனுப்பக் கட்டாது என்கிறார். பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் சலுகை விலை கொடுப்பதைத் தடுக்க 1936இலேயே ஒரு சட்டம் வந்தது. 1980களுக்குப் பிறகு அதைச் செயல்படுத்துவதை அரசு ஏறத்தாழக் கைவிட்டது. இதற்கிடையில் உணவு அட்டைப் பணம் மாதத் தொடக்கத்தில் மொத்தமாக வந்து செலவாகிவிடுவதால், கடைசி இரண்டு வாரம் காய்கறி அழுகிப் போகும் நஷ்டமும் கடைக்காரர் தலையில்தான் விழும்.

ஊரே கடை நடத்திய முயற்சிகளும் உண்டு. கான்சஸ் மாநிலத்தில் செயின்ட் பால் என்ற சிற்றூர், 1985இல் தன் கடையை இழந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேல் கடையே இல்லாமல் இருந்து, 2008இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒன்றைத் திறந்தார்கள். 2013இல் நகராட்சியே அதை வாங்கிக்கொண்டது. ஃபுளோரிடாவின் பால்ட்வின் என்ற ஊரும் 2019இல் அப்படித் தொடங்கியது, ஆனால் 2024இல் கட்டுப்படியாகாமல் மூடிவிட்டது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இங்கே ஒரு தேவாலயக் குழு இப்போது சிறிய அளவில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. முழுக் கடை இல்லாவிட்டாலும், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் திறக்கும் கடை ஒன்றை மூன்று நான்கு ஊர்களுக்கு மாற்றி மாற்றிக் கொண்டுபோக முடியுமா என்று என்னையும் கேட்டார்கள். கூட்டுறவுத் துறையில் சார்பதிவாளராக இருந்தபோது நீ மலைக்கிராமங்களில் பகுதி நேர நியாய விலைக் கடைகளைத் தொடங்கி வைத்தாயே, அவற்றுக்கு விற்பனையாளரின் சம்பளம் எங்கிருந்து வந்தது, வண்டிச் செலவை யார் ஏற்றார்கள், எத்தனை குடும்பம் இருந்தால் ஓர் ஊருக்குக் கடை என்று முடிவு செய்தீர்கள் என்பதை உனக்கு நினைவிருக்கும் வரை விவரமாக எழுது. அரிசியும் சர்க்கரையும் வேறு, காய்கறி வேறு என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் நாள் ஒதுக்குவதும் கணக்கு முடிப்பதும் பொதுவானவைதானே. அடுத்த மாதத் தொடக்கத்தில் அவர்கள் மறுபடி கூடுகிறார்கள், அதற்குள் உன் பதில் வந்தால் எடுத்துச் சொல்ல வசதியாக இருக்கும்.

அன்புடன்,
வசந்தா