மகளுக்கு: திருகோணமலைத் தொகுதி பற்றி

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

தேர்தல் முடிவுகளில் திருகோணமலை என்ற பெயர் ஏன் இரண்டு இடத்தில் வருகிறது என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய். விடை சொல்லத் தொடங்குமுன் அம்மா தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். ஆகவே எழுதுகிறேன். ஒன்று மாவட்டம். மற்றது அம்மாவட்டத்துள் அடங்கிய மூன்று பிரிவுகளில் ஒன்று. சேருவில, மூதூர் ஆகியவை ஏனைய இரண்டு. வாக்கெடுப்புப் பிரிவு என்று சட்டம் அதற்குப் பெயர் வைத்திருந்தாலும், இங்கே எல்லாரும் இன்னும் தொகுதி என்றே சொல்கிறோம். அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உன் அப்பப்பா காலத்தில் அந்தச் சிறு பிரிவே தனக்கென ஓர் உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது.

அதற்கும் முன், சுதந்திரத்துக்கு முந்தைய சட்டமன்றமான அரசாங்க சபையின் காலத்தில், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் சேர்த்து ஓர் இடம் இருந்தது. அந்த இடத்திலிருந்துதான் வ. நல்லையா, 1944 இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் பிரேரணை வந்தபோது, தமிழையும் சேர்க்க வேண்டுமெனத் திருத்தம் கொண்டுவந்தார். பின்னர் சோல்பரி அரசியல் யாப்பின்படி பாராளுமன்றத்துக்குத் தொகுதிகளைப் பிரித்தபோது மக்கள்தொகையை மட்டுமன்றி நிலப்பரப்பையும் கணக்கில் எடுத்தார்கள். காடும் குளமும் களப்புமாகக் கிடந்த கிழக்கு மாகாணத்துக்கு அதனால் ஏழு தொகுதிகள் கிடைத்தன. நம் மாவட்டத்துக்கு இரண்டு: நகரத்தையும் வடக்கே கரையோர ஊர்களையும் கொண்ட திருகோணமலை ஒன்று, தண்ணீருக்கு அக்கரையில் மூதூர் மற்றொன்று. கிண்ணியாவுக்குப் ‘பாதை’ என்ற மிதவையிலும் மூதூருக்கு லாஞ்சிலும் போன காலத்தில் அந்தக் கடல்தான் இயல்பான எல்லை. எந்த ஆணைக்குழுவும் அதைவிடத் தெளிவாகக் கோடு போட்டிருக்க முடியாது.

1947 இல் தமிழ்க் காங்கிரசின் எஸ். சிவபாலன் முதல் உறுப்பினரானார். அடுத்த தேர்தல்தான் நீ கவனிக்க வேண்டியது. காங்கிரஸ் பிளவுபட்டு, தமிழரசுக் கட்சி பிறந்து மூன்று ஆண்டுகூட ஆகாத 1952 இல், அதன் தலைவர் செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோற்றுப்போனார். அக்கட்சிக்கு நாடு முழுவதிலும் கிடைத்தவை இரண்டே இடங்கள். கோப்பாயில் வன்னியசிங்கம் வென்றார், இங்கே இராஜவரோதயம் வென்றார். யாழ்ப்பாணம் தயங்கி நின்றபோது அக்கட்சி கேட்ட சமஷ்டியை, அதாவது கூட்டாட்சியை, ஏற்றுக்கொண்ட நகரம் நம்முடையது. யாழ்ப்பாணத்து நண்பர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்குச் சிறிது கர்வம் வருவதுண்டு, மறைப்பானேன். இராஜவரோதயம் 1956 இலும், 1960 இல் நடந்த இரண்டு தேர்தல்களிலும் மீண்டும் வென்றார்.

சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிய 1956 ஆம் ஆண்டின் ஆவணியில், பல திசைகளிலிருந்தும் மக்கள் கால்நடையாக இங்கே வந்து சேர்ந்தார்கள். திருமலை யாத்திரை என்று அதைத்தான் சொல்கிறோம். அதன் முடிவில் கூடிய மாநாட்டில் வைத்த கோரிக்கைகளே மறு ஆண்டு பிரதமர் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தத்துக்கு வழிவிட்டன. அதற்கிடையில், 1957 மாசி (பெப்ரவரி) 4 ஆம் திகதி, சுதந்திர தினத்தன்று கறுப்புக்கொடி ஏற்ற முனைந்த நடராசன் இந்த நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த ஆண்டிலேயே பிரித்தானியக் கடற்படைத் தளமும் கைமாறியது. கடற்படைத் துறைமுக வேலையை நம்பி வாழ்ந்த பல குடும்பங்களின் வருமானம் அதோடு போயிற்று. அந்த வேலையாட்களும் மீன்பிடிக்கும் குடும்பங்களும் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்து எழுதுவினைஞர்களும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்த தொகுதி இது என்பதை நினைவில் வைத்துக்கொள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1965 இல் மாணிக்கராசா உறுப்பினராக இருந்த காலத்தில் தமிழரசுக் கட்சி டட்லி சேனநாயக்காவின் அரசில் சேர்ந்திருந்தது. கோணேசர் கோவில் சூழலைப் புனிதப் பகுதியாக்குவது பற்றி ஆராய அமைச்சர் திருச்செல்வம் அமைத்த குழுவைப் பிரதமர் நிறுத்தியதும், 1968 இல் திருச்செல்வம் பதவி விலகினார். பின்னர் கட்சியும் அரசை விட்டு வெளியேறியது. அந்தக் கோவில் நிற்கும் சுவாமி மலையைப் பற்றிய ஒரு விடயம் கொழும்பில் அமைச்சரவையை அசைத்தது.

நான் முதன்முதல் வாக்களித்தது 1970 இல். நேமிநாதன் வென்றார். 1977 ஆடியில் நிலாவெளிப் பக்கம் ஒரு வாக்குச்சாவடியில் எனக்குக் கடமை. பெட்டியை முத்திரையிட்டபோது, இந்த முறைப்படி நடக்கும் கடைசிப் பொதுத்தேர்தல் அதுதான் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் சம்பந்தன் வென்று வந்தார். சேருவில தனித் தொகுதியானதும் அந்தத் தேர்தலில்தான்.

அதன்பின் நடந்தவை விரைவில் முடிந்தன. 1978 யாப்பு, கட்சிகள் பெறும் வாக்குகளுக்கு ஏற்ப மாவட்டந்தோறும் இடங்களைப் பகிரும் விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 1982 மார்கழியில் நடந்த சர்வசன வாக்கெடுப்பு, தேர்தலின்றியே பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டியது. 1983 ஆவணியில் வந்த ஆறாம் திருத்தம் தனிநாட்டுக்கு எதிரான சத்தியப்பிரமாணத்தைக் கட்டாயமாக்கியது. கூட்டணியினர் அந்த ஆண்டின் நடுப்பகுதியிலிருந்தே சபைக்குப் போகவில்லை. மூன்று மாதம் வராத காரணத்தால் புரட்டாதியில் சம்பந்தன் ஆசனத்தை இழந்தார். 1989 மாசியில் மாவட்ட முறையில் தேர்தல் நடக்கும்வரை நம் நகரத்தவர் அந்த இடத்துக்கு மீண்டும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவேயில்லை. தொகுதி ஒழிந்ததாகச் சட்டம் சொல்லும் ஆண்டு 1989. என் கணக்கில் அது 1983.

பழைய முறையே சிறந்தது என்று நான் சொல்லவில்லை. அப்பப்பா விடியற்காலையில் மனுவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உறுப்பினரின் வீட்டு விறாந்தையில் போய்க் காத்திருப்பார். தெருக்குழாய் மூன்று ஆண்டு கழித்துத்தான் வந்தது என்றாலும், யாரைக் கேட்பது என்பதில் அவருக்குக் குழப்பமிருக்கவில்லை. இப்போது மாவட்டத்துக்கு நான்கு உறுப்பினர்கள் இருந்தும், உவர்மலையின் வடிகால் யாருடைய பொறுப்பு என்று கேட்டால் நான்கு திசையைக் காட்டுகிறார்கள். ஆனால் அன்று இந்த நகரில் வாழ்ந்த முஸ்லிம், சிங்கள வாக்காளர் பலருக்குத் தாம் தெரிவுசெய்த ஒருவர் சபையில் இருந்ததில்லை. தண்ணீருக்கு அக்கரையிலிருந்த நம்மவர்கள் சிலரும் அப்படித்தான் இருந்தார்கள். அதையும் நீ சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

சென்ற வாரம் கிராம சேவகர் வாக்காளர் இடாப்புப் படிவத்துடன் வந்தார். உன் பெயரை வைத்திருப்பதா என்று கேட்டார். தேர்தல் மாவட்டம் என்ற இடத்தில் திருகோணமலை என்று எழுதினேன். அதற்குக் கீழே பிரிவின் பெயரையும் திருகோணமலை என்றே எழுதினேன். உன் பெயரைப் பற்றி அடுத்த ஞாயிறு நீயே சொல்.

அன்புடன்,
அப்பா