ஆர்க்டிக்கில் பரவுவது எந்தப் பசுமை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆர்க்டிக் பகுதி பசுமையாகி வருவதாகச் செயற்கைக்கோள் படத்துடன் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். அந்தப் பச்சை எந்தத் தாவரத்தினுடையது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

தழைத்த இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்புகிறது. இவ்விரண்டின் வேறுபாட்டையே செயற்கைக்கோள் அளந்து பசுமைக் குறியீடாகத் தருகிறது. வில்லோ, குட்டை பிர்ச் போன்ற புதர்கள் பரவினால் குறியீடு உயரும். பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் வெளிறிய லைக்கனோ அதில் சரிவரப் பதிவாவதில்லை. குளிர்காலத்தில் ரெய்ண்டீர் மான்கள் குளம்பால் பனியைக் கிளறித் தேடித் தின்பது இந்த லைக்கனைத்தான். புதர்களின் நிழலிலும் சருகுக்கடியிலும் அது மடிந்துபோனால், மானுக்கு இரை குறைந்த அதே நிலம் நம் கண்ணுக்குப் படத்தில் செழித்ததாகத் தெரியும்.

இதனால்தான் டொனால்ட் வாக்கர் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆர்க்டிக் தாவர வரைபடத்தைப் பெரிதும் மதிக்கிறேன். செயற்கைக்கோள் படத்தோடு நின்றுவிடாமல், ஜூலை மாத வெப்பநிலை, நிலத்தின் ஏற்ற இறக்கம், மண்ணின் வேதித்தன்மை, களத்தில் நேரில் எடுத்த தாவரப் பதிவுகள் ஆகியவற்றையும் பொருத்திப் பார்த்தே, மரங்கள் வளரும் எல்லைக்கு வடக்கேயுள்ள நிலம் முழுவதையும் அவர்கள் வகைப்படுத்தினார்கள். 2019இல் வந்த அதன் புதிய வடிவத்தில் ஒவ்வொரு படப்புள்ளியும் 1 கிலோமீட்டர் அளவுடையது. ஆனால் துந்திரா எனப்படும் அந்த மரமற்ற குளிர்நிலத்தின் தரை சில மீட்டர்களுக்குள்ளேயே மாறிவிடும்: உறைபனியால் பலகோணங்களாக வெடித்த நிலத்தில், நடுப்பள்ளத்தில் நீர் தேங்கிக் கோரை வளர, மேடான விளிம்பில் லைக்கனும் குறும்புதரும் படர்ந்திருக்கும். 10 மீட்டர் நுணுக்கத்தில் படமெடுக்கும் சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் இக்குறையை ஓரளவு போக்கினாலும், குறுகிய கோடையும் மேகமூட்டமும் சேர்ந்து, ஆண்டுதோறும் கிடைக்கும் தெளிவான படங்களைச் சிலவாகச் சுருக்கிவிடுகின்றன.

ஆகவே களத்துக்குப் போய்ச் சரிபார்த்தே தீர வேண்டும். ஆர்க்டிக் நிலத்தில் கணிசமான பங்கு ரஷ்யாவில் இருக்க, அந்நாட்டுடனான ஆய்வுக் கூட்டுறவு 2022க்குப் பிறகு பெருமளவு முடங்கியிருப்பது மிகவும் கவலையளிக்கிறது.

நாளிதழ்ப் படங்களை மாணவர்கள் வெட்டி ஒட்டிவைத்துப் படிக்கிறார்கள். எந்தெந்த ஆண்டுகள் ஒப்பிடப்பட்டன, ஒரு படப்புள்ளி எத்தனை மீட்டர், களத்தில் சரிபார்க்கப்பட்டதா என்ற விவரங்களை இனி இத்தகைய படங்களின் கீழே அச்சிடுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.