முறைப்பாடு: '1782 திருகோணமலை' தொகுப்பில் ஆண்டுக்குப் பொருந்தாத உருவங்கள்

திருகோணமலை

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

தங்களின் '1782 திருகோணமலை' சிற்றுருவத் தொகுப்பை (54 மி.மீ., 1/32 அளவு, ரெசின் (செயற்கைப் பிசின்) வார்ப்பு, 12 உருவங்கள்) நாங்கள் ஐந்து பேர் ஆளுக்கொரு பெட்டியாக வாங்கினோம். ஐந்து பெட்டிகளிலும் ஒரே பிழைகள். ஆகவே இவை பொதி செய்யும்போது மாறிப்போனவை அல்ல, மூல உருவத்திலேயே இருப்பவை. முதற்கடிதத்துக்கு வந்த பதிலில் 'சிற்பியின் கலைச் சுதந்திரம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதை ஏற்க முடியாததால் இம்முறை விபரமாக எழுதுகிறோம்.

பெட்டியின் முகப்பில் ஆண்டை அச்சிட்டவர்கள் நீங்கள். அந்த ஆண்டின் ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரனின் படை அதை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தது. செப்ரெம்பர் 3ஆம் திகதி சுஃப்ரனும் ஆங்கிலக் கடற்படைத் தளபதி எட்வேர்ட் ஹியூஸும் இந்தக் கரைக்கு அப்பால் கடலில் மோதினார்கள். ஒரே ஆண்டில் மூன்று கொடிகள் பறந்த ஊர் இது. தொகுப்பின் உயிரே அங்கேதான் இருக்கிறது, அங்கேயே தவறியிருக்கிறீர்கள்.

தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் கொடித்தாளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். ஆங்கிலக் கொடியின் வெள்ளைக் குறுக்குச் சிலுவைக்குள் மெல்லிய சிவப்புக் கோடு ஓடுகிறது. அயர்லாந்துக்கான அந்தச் சிவப்பு 1801 ஜனவரி 1இல்தான் சேர்ந்தது. 1782 கொடியில் மூலைக்கு மூலை ஓடுவது வெறும் வெள்ளை மட்டுமே. பிரெஞ்சுக்காரருக்கு நீலம், வெள்ளை, சிவப்பு மூவர்ணத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். அது புரட்சியின் பிள்ளை. இன்றைய வடிவில் கடற்படைக்கு வந்தது 1794இல். சுஃப்ரனின் கப்பல்களில் பறந்தது அரசரின் வெண்கொடி. சிவப்புக் கோட்டின்மேல் வெள்ளை பூசித் திருத்தலாமே என்று சொல்லாதீர்கள். ஒரு பூச்சில் இளஞ்சிவப்பு தெரியும். மூன்று பூச்சுப் பூசினால் அந்தக் கோடு மேடாக எழும்பும்.

அடுத்தது சிவப்பு மேலங்கி அணிந்த ஆங்கிலக் காலாட்படையினர் ஐவர். தலையில் உயரமான உருளைத் தொப்பி, அதாவது ஷாக்கோ. ஆங்கிலப் படைக்கு அது வந்தது 1800இல். 1782இல் விளிம்பு மடித்த முக்கோணத் தொப்பி. கையிலுள்ள துவக்கை வேர்ணியர் நுண்ணளவுகோலால் அளந்தோம். குழல் 24 மி.மீ. அக்காலக் காலாட்படைத் துவக்கின் 42 அங்குலக் குழல் 1/32 அளவில் 33.3 மி.மீ. வரவேண்டும். இந்தியாவில் கிழக்கிந்தியக் கும்பனி பயன்படுத்திய 39 அங்குலக் குழல் என்று வைத்தாலும் 31 மி.மீ. 24 மி.மீ. என்பது எந்த மஸ்கெட்டும் (காலாட்படைத் துவக்கும்) அல்ல. 30 அங்குலக் குழலுள்ள பேக்கர் ரைபிளுக்கே அது அச்சொட்டாகப் பொருந்துகிறது (23.8 மி.மீ.). அந்த ரைபிளும் 1800ஆம் ஆண்டுச் சரக்கு. குழலின் பக்கத்தில் வாள் போன்ற பயனெற்றை (துவக்கு முனைக் கத்தியை) மாட்டும் கட்டையைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். 1782க்கு வேண்டியது குழல்வாயைச் சுற்றி வெளிப்புறமாக மாட்டும் முக்கோணப் பயனெற்று, இந்த அளவில் 13.5 மி.மீ.

அட்மிரல் ஹியூஸின் இரு தோள்களிலும் பொன் தோளணிகள். ஆங்கிலக் கடற்படைச் சீருடையில் தோளணி முறைப்படி வந்தது 1795இல்.

1795, 1800, 1801. பிழைகள் எல்லாம் ஒரே காலத்தில் வந்து குவிவதைக் கவனியுங்கள். கற்பனையில் செதுக்கியவர் இப்படி ஒரே பக்கமாகத் தவற மாட்டார். நெப்போலியன் காலத் தொகுப்பொன்றின் அச்சுகளை எடுத்து, பெட்டியை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள் என்பதே எங்கள் கணிப்பு. பிழையென்றால் வேறு ஆண்டைக் காட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படி எண்ண இன்னொரு காரணமும் உண்டு. பிரெஞ்சுச் சிப்பாய்கள் இருவரும் அருமை. அவர்களின் துவக்குக் குழலை மரத்தோடு இறுக்கும் மூன்று வளையங்களும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஆங்கிலத் துவக்கில் வளையம் கிடையாது, ஊசியாணிகளே உண்டு என்ற வேறுபாடு தெரிந்த கை அது. அந்தக் கையை மற்ற உருவங்களுக்கு ஏன் கொடுக்கவில்லை?

மதராஸ் சிப்பாய்கள் (ஆங்கிலேயருக்காகப் போரிட்ட இந்தியர்) மூவரும் நீளக் காற்சட்டையும் முழங்கால் வரைச் சப்பாத்துமாக நிற்கிறார்கள். அந்நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தீட்டப்பட்ட ஓவியங்களில் அவர்களுக்குச் சிவப்பு மேலங்கி, கருநீலத் தலைப்பாகை, தொடையளவு அரைக்காற்சட்டை, கீழே வெறுங்கால் அல்லது செருப்பு. சுஃப்ரனுக்கு அப்போது வயது 53, பெருத்த உடம்பு. பிரெஞ்சுச் சிற்பி ஊடோன் வடித்த மார்பளவுச் சிலையில் தாடையின் சதையே அதைச் சொல்லும். நீங்கள் தந்திருப்பது மெலிந்த இளைஞன் ஒருவன்.

பீடத்தைப் பார்த்தபோது எங்களுக்கு மனம் நொந்தது. சுவாமி மலை உச்சியில் கோபுரம் வைத்திருக்கிறீர்கள். அங்கிருந்த கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்து, அந்தக் கல்லைக் கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள். இணைக்கயல் செதுக்கிய கல்லைக் கோட்டை வாசலில் இன்றும் பார்க்கலாம். இப்போதுள்ள கோயில் 20ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 1782இல் அந்த மலையில் கோபுரம் இருக்கவில்லை, அந்த வெறுமைதான் வரலாறு. கோபுரத்தை வைத்ததால் நீங்கள் எங்கள் கோயிலைச் சிறப்பிக்கவில்லை. அதற்கு நேர்ந்த இழப்பை அழித்துவிட்டீர்கள். பீடத்தில் 'பிரட்றிக் கோட்டை' என்று பொறித்திருப்பதும் தவறு. அந்தப் பெயர் 1803இல் வந்தது.

கலைச் சுதந்திரத்துக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். சாதாரணச் சிப்பாயின் முகத்தை எவரும் வரைந்து வைக்கவில்லை. மீசையும் முகபாவமும் நிற்கும் நிலையும் சிற்பியின் உரிமை. கிழிந்த கோட்டும் வெயிலில் வெளிறிய சிவப்பும் நல்ல தெரிவுகள். பன்னிருவரில் ஒரு ஒல்லாந்தர்கூட இல்லாதது எங்களுக்குக் குறையாகப் பட்டாலும் அதைப் பிழை என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஆண்டு தெரிந்த பொருளில் அந்தச் சுதந்திரம் செல்லாது. செல்ல வேண்டுமென்றால் முகப்பிலிருந்து ஆண்டை எடுத்துவிட்டு 'கற்பனை கலந்தது' என்று அச்சிடுங்கள்.

நாங்களே திருத்திக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். தலையும் தொப்பியும் கழுத்தும் ஒரே வார்ப்பு. கழுத்துப்பட்டியோடு நகை வேலைக்குரிய மெல்லிய வாளால் அறுத்து, 1 மி.மீ. துளையிட்டு, பித்தளைக் கம்பி செருகி, இருபகுதிப் பசைக்களியில் புதுத் தொப்பி செதுக்கி, அது இறுகும்வரை காத்திருக்க வேண்டும். இதை ஐந்து தலைக்குச் செய்ய வேண்டும். துவக்குகளோ அச்சிலிருந்து முழுதாக இறுகுமுன் எடுத்ததால் வளைந்திருக்கின்றன. சுடுநீரில் சில விநாடி தோய்த்து நிமிர்த்திக் குளிர்நீரில் போட்டால் நேராகும். எங்கள் ஊர் வெக்கையில் சில நாளில் பழையபடி வளையும். 0.8 மி.மீ. பித்தளைக் குழல் கொடுத்தால் இந்தத் தொல்லை இராது.

ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் முக்கோணத் தொப்பியுடன் தனியாக வார்த்த 5 தலைகள், 33 மி.மீ. பித்தளைக் குழலுடன் 5 துவக்குகள், திருத்திய கொடித்தாள் 1, தோளணியில்லாத ஹியூஸின் மேலுடம்பு 1, கோபுரமும் பெயரும் நீக்கிய பீடம் 1 அனுப்பித் தரவும். சிப்பாய்கள் மூவரையும் சுஃப்ரனையும் புதிதாக வார்க்க வேண்டும். அது ஆகாதென்றால் அந்த நால்வருக்கான விலையைத் திருப்பித் தாருங்கள். 30 நாட்களுக்குள் இரண்டும் முடியாவிட்டால் ஐந்து பெட்டிகளையும் முழுப்பணத்துக்குத் திரும்பப் பெற்று, தபாற்செலவையும் ஏற்க வேண்டும்.

அளவுகோல் வைத்து எடுத்த 14 படங்களும் பற்றுச்சீட்டுப் பிரதிகளும் இணைப்பில் உள்ளன. உருவங்கள் எதற்கும் நாங்கள் பிறைமர் (அடிப்பூச்சு) கூட அடிக்கவில்லை.

இப்படிக்கு,
திருகோணமலையில் இத்தொகுப்பை வாங்கிய ஐவர்