மூன்று தெரு முனைச் சாக்கடை: நான்காவது கோரிக்கை மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

அனுப்புநர்: பள்ளிவாசல் தெரு, மாரியம்மன் கோயில் தெரு, மாதா கோயில் சந்து மக்கள்

பொருள்: உடைந்த பாதாளச் சாக்கடை மூடியை மாற்றி, அடைப்பு எடுத்துத் தர வேண்டுவது.

ஐயா,

வணக்கம். எங்கள் மூன்று தெருவும் கூடும் முனையில், ரேஷன் கடைக்கு எதிரே, சாக்கடை மூடி உடைந்து பதினான்கு மாதமாகக் கழிவுநீர் ரோட்டில் ஓடுகிறது. இடம் தாங்கள் அறிந்ததுதான். போன தேரோட்டத்தன்று தங்கள் வாகனம் அங்கேதான் நின்றது. திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டத்தில் மூன்று முறை மனு கொடுத்தோம். ரசீதைத் தவிர ஒன்றும் வரவில்லை. தங்கள் மேலான கவனத்திற்கு மீண்டும் பணிவுடன் எழுதுகிறோம்.

1. ஆடி வெள்ளிப் பால்குடம், தர்காவின் சந்தனக்கூடு ஊர்வலம், வேளாங்கண்ணி நடைப்பயணம் மூன்றுக்கும் அந்த முனைதான் வழி.

2. மூன்றிலும் மக்கள் வெறுங்காலில் வருகிறார்கள். விரதமிருந்து தலையில் பால்குடத்தோடு வரும் பெண் எப்படிக் குனிந்து பார்த்து நடப்பாள்? ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேறும். அதற்குப் பல நாள் முன்பே காவி உடுத்தியவர்கள் வரத் தொடங்கி, செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை கூட்டம் ஓயாது. நாள்கணக்கில் நடந்து கொப்புளம் உடைந்த கால் ஐயா அது. அந்தக் காலைத்தான் சாக்கடையில் வைக்கிறார்கள். பள்ளிவாசலுக்குப் போகிறவர்களுக்கோ இது ஒரு நாள் பாடு இல்லை. வீட்டிலேயே ஒலுச் செய்து (தொழுகைக்காக முகம், கை, கால் கழுவி) கிளம்பும் பெரியவர்கள், அசுத்தம் பட்ட காலை மறுபடி கழுவாமல் தொழுகைக்கு நிற்க முடியாது. தினம் ஐந்து வேளை இப்படி.

3. போன நோன்பில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நோன்புக் கஞ்சிக்கு அரசே பள்ளிவாசல்களுக்கு அரிசி தருகிறது. எங்கள் பள்ளிவாசலில் யார் தூக்குவாளியோடு போனாலும் கஞ்சி ஊற்றுவார்கள். எல்லோருக்குமாக இம்மனுவை எழுதுவது நான்; என் ஒன்பது வயது மகன் தன் ஆத்தாவுக்கு வாங்கிக்கொண்டு வரும்போது அந்த முனையில் வழுக்கி விழுந்தான். கை எலும்பு விலகிவிட்டது. கஞ்சி முழுவதும் சாக்கடையில் போனது. கை வலியைவிட, கஞ்சியைக் கொட்டிவிட்டேனே என்றுதான் அழுதான். நோன்பு திறக்க உட்கார்ந்த மனிதர் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினார். ஆடியில் பால்குடம் வந்தபோது பலகையும் சாக்கும் போட்டு வழி செய்து கொடுத்ததும் அவர் வீட்டுப் பிள்ளைகள்தான். கால் கழுவ மாதா கோயில் சந்துக்காரர்கள் குழாய் இழுத்து விட்டார்கள். நாங்கள் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்கிறோம், சரி. மூடியை யார் போடுவது?

4. மூன்றாவது மனுவோடு போனபோது அலுவலர் ஒருவர், "எந்தத் திருவிழாவுக்காகக் கேட்கிறீர்கள்? கோயில், பள்ளிவாசல், சர்ச் மூன்று பேரும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள்" என்றார். மூன்று மனு கொடுத்தால் மூன்று மூடியா போடுவீர்கள்? ஒரே குழி, ஐயா. அதனால் இந்த முறையும் ஒரே தாளில்தான் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

5. "திருவிழா நெருங்கட்டும், பார்க்கலாம்" என்றும் சொன்னார்கள். சந்தனக்கூடு பிறைக் கணக்கில் வருவது. ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே வந்துவிடும். இந்த முறை மழைக்காலத்தில் விழுகிறது. அப்போது முழங்கால் தண்ணீரில் குழி எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? விழா அன்று காலையில் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போவது இனி வேண்டாம். மூடி வேண்டும். வேறெதுவும் கேட்கவில்லை, அந்த மூடியை மாற்றித் தாருங்கள்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். ஆடி பிறக்குமுன் அடைப்பை எடுத்து மூடி போட உத்தரவிடுமாறு மீண்டும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மூன்று தெரு மக்கள்

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் ரசீது நகல்கள், கையெழுத்துப் பட்டியல், பிள்ளையின் எக்ஸ்ரே நகல்